நிறமே உடலான பொருள்: அருங்காட்சியகத்துக்குள் பாலிமர் களிமண்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில், ரசீன் என்றொரு நகரம் இருக்கிறது. அங்குள்ள ரசீன் கலை அருங்காட்சியகம் 2011 அக்டோபரில் ‘டெர்ரா நோவா’ என்ற கண்காட்சியைத் திறந்தது. அதில் வைக்கப்பட்டவை எல்லாம் பாலிமர் களிமண்ணை மூலப்பொருளாகக் கொண்ட படைப்புகள். கைவினைப் பொருள் விற்கும் கடைகளில் சின்னச் சின்ன வண்ணக் கட்டிகளாக உறைபோட்டு அடுக்கி வைத்திருப்பார்களே, பிள்ளைகள் விடுமுறையில் உருட்டிப் பொம்மை செய்வார்களே, அதே பொருள்தான்.

கண்காட்சி சில மாதங்களில் முடிந்தது. அதையொட்டி நடந்த வேறொரு வேலைதான் நிலைத்தது. எலீஸ் வின்டர்ஸ் என்ற கலைஞர் முன்னின்று, சக கலைஞர்களின் முக்கியமான படைப்புகளைத் திரட்டி, அந்த அருங்காட்சியகத்தின் நிரந்தரச் சேகரிப்பில் சேர வழிசெய்தார். சமகாலக் கைவினைக் கலைக்கு அமெரிக்காவில் இருக்கும் மிகப் பெரிய சேகரிப்புகளில் ஒன்று ரசீனில் இருக்கிறது. சுட்டமண், கண்ணாடி, நூல், உலோகம், மரம் என்று ஏற்கெனவே மரியாதை பெற்றுவிட்ட ஊடகங்களின் வரிசையில் பாலிமரும் இடம்பிடித்தது.

ஒரு படைப்பைக் கண்காட்சிக்காக இரவல் வாங்கி வைப்பது வேறு, சேகரிப்பில் சேர்ப்பது வேறு. சேர்த்த நாளிலிருந்து அதற்குப் பதிவு எண் உண்டு, சேமிப்பறையில் இடம் உண்டு, நிலைமையை அவ்வப்போது பார்த்து எழுதிவைக்க ஆள் உண்டு. இன்னும் நூறு ஆண்டு கழித்து வருகிறவருக்கும் இதைக் காட்டுவோம் என்று அந்த நிறுவனம் வாக்குக் கொடுக்கிறது என்று அர்த்தம். பாலிமர் களிமண் கலையா, வெறும் கைவேலையா என்ற பழைய வழக்கு, என்னைக் கேட்டால், ரசீனோடு தீர்ந்துவிட்டது. அடுத்து வருவது அதைவிடக் கடினமான கேள்வி. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியுமா? இது ஏன் கடினம் என்றால், இந்தப் பொருளின் அழகுக்குக் காரணமான அதே வேதிப்பொருள்தான் அதன் முதுமைக்கும் காரணமாக இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, கட்டிக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

கட்டிக்குள் இருப்பது

பாலிமர் களிமண்ணின் அடிப்படை பிவிசி, அதாவது பாலிவினைல் குளோரைடு. தண்ணீர்க் குழாய் செய்கிற அதே பிளாஸ்டிக். இங்கே அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய தூளாக இருக்கும். அந்தத் தூளை ஒரு எண்ணெய் போன்ற திரவத்தில் கலக்கிறார்கள். அதற்குப் பிளாஸ்டிசைசர் என்று பெயர். நிறமிகள், நிரப்புப் பொருட்கள், சூட்டில் பிவிசி சிதையாமல் தடுக்கும் நிலைப்படுத்திகள் ஆகியவையும் சேர்ந்தால், பிசைந்த மாவுபோல ஒரு பதம் வந்துவிடும்.

பிவிசி தன்னளவில் விறைப்பானது. அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றையொன்று இறுகப் பற்றிக்கொண்டிருக்கும். பிளாஸ்டிசைசர் அந்தச் சங்கிலிகளுக்கு நடுவே நுழைந்து பிடியைத் தளர்த்துகிறது. ஆனால் அறை வெப்பநிலையில் அது முழுதாக உள்ளே போவதில்லை. பெரும்பாலும் தூள்களுக்கு இடையில்தான் நிற்கும். அதனால்தான் கட்டி மென்மையாகவே இருக்கிறது. தண்ணீர் இல்லை என்பதால் காற்றில் உலர்ந்து இறுகுவதும் இல்லை. ஒரு கலைஞர் இன்றைக்குத் தொடங்கிய வேலையை மூடிவைத்துவிட்டுப் பல வாரங்கள் கழித்துத் தொடரலாம்.

பிறகு ஓவன். பிராண்டைப் பொறுத்து 110 முதல் 135 டிகிரி செல்சியஸ் வரை. அந்தச் சூட்டில் பிவிசித் துகள்கள் பிளாஸ்டிசைசரை உறிஞ்சி ஊதுகின்றன. ஊதிய துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. ஒன்றின் சங்கிலிகள் பக்கத்துத் துகளுக்குள் ஊடுருவிப் பின்னிக்கொள்கின்றன. ஆறியதும் ஒரே திண்மப் பொருள். இதில் புதிய வேதிவினை என்று பெரிதாக எதுவும் நடப்பதில்லை. பிவிசி முன்பும் பிவிசிதான், பின்பும் பிவிசிதான். பிளாஸ்டிசைசரும் உள்ளேயே இருக்கிறது, வேறு எதுவாகவும் மாறாமல். இந்தக் கடைசி விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சுட்டமண் கலைஞர் ஆயிரம் டிகிரியும் அதற்கு மேலும் சூடேறும் சூளையில் பாத்திரத்தை வைக்கிறார். சாம்பல் நிறமாகப் பூசிய மெருகு வெளியே வரும்போது நீலமாகலாம், பச்சையாகலாம், மண் சுருங்கும், சில நேரம் வெடிக்கும். பாலிமரில் அப்படி ஒன்றும் கிடையாது. ஓவனுக்குள் போன நிறமும் வெளியே வரும் நிறமும் ஏறக்குறைய ஒன்றே. சுருக்கமும் சொல்லும்படியாக இல்லை. சூளையின் தற்செயலை ரசிக்கிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கலாம். நிறத்தை ரசிக்கிறவர்களுக்கோ இதைவிட வேறென்ன வேண்டும்?

பொம்மையும் மின்மாற்றியும்

இந்தப் பொருளின் பிறப்பில் கலைக்கூடம் எதற்கும் பங்கில்லை. ஜெர்மனியில் கேத்தே க்ரூஸே என்பவர் புகழ்பெற்ற பொம்மைத் தயாரிப்பாளர். பொம்மைத் தலைகள் செய்யப் புதிய பொருள் தேடியபோது கிடைத்த ஒரு பிளாஸ்டிக் கலவையை அவருடைய மகள் சோஃபி எடுத்து, வண்ணங்கள் சேர்த்து, உருவம் செய்யும் பொருளாக வளர்த்தார். வீட்டில் அவருக்குச் செல்லப்பெயர் ஃபிஃபி. அந்தப் பெயரின் முதல் பாதிதான் இன்றும் ஃபிமோ என்ற பிராண்டில் இருக்கிறது. 1964இல் அவர் அதை எபர்ஹார்ட் ஃபேபர் நிறுவனத்துக்குக் கொடுத்தார். பின்னர் அது ஸ்டெட்லர் நிறுவனத்தின் கைக்குப் போனது.

அமெரிக்காவில் கதை வேறு. ஸ்கல்ப்பி என்ற பெயரில் இன்று விற்கப்படும் பொருளை 1960களில் மின்மாற்றிகளின் உட்பகுதியிலிருந்து வெப்பத்தை வெளியேற்றும் கலவையாக உருவாக்கிப் பார்த்தார்கள். அந்த வேலைக்கு அது சரிவரவில்லை. யாரோ விளையாட்டாக உருவம் பிடித்து ஓவனில் வைக்க, விற்பனைக்குப் புதிய வழி பிறந்தது.

ஆக, ஒருபுறம் பொம்மை, மறுபுறம் தோற்றுப்போன தொழிற்சாலைக் கலவை. வெண்கலத்துக்கும் பளிங்குக்கும் இருப்பதுபோல முன்னோர் மரபு எதுவும் இதற்கு இல்லை. அருங்காட்சியகங்கள் நீண்ட காலம் தள்ளியே வைத்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வெட்டினாலும் உள்ளே அதே நிறம்

எண்ணெய் வண்ணத்தைத் துணிமேல் பூசுகிறோம். மெருகைச் சுட்டமண்மேல் பூசுகிறோம். எனாமலை உலோகத்தின்மேல். பெரும்பாலான கலைகளில் நிறம் என்பது வேறொன்றின் மேல் படர்ந்த தோல். பாலிமரில் நிறம் மேற்பரப்பிலிருந்து நடுப்பகுதிவரை நிற்கிறது. உருவமும் நிறமும் ஒரே கையசைவில் உண்டாகின்றன. வண்ணக் கண்ணாடியிலும் இது உண்டு, ஆனால் அதை உருக்க உலையும் பயிற்சி பெற்ற உதவியாளர்களும் வேண்டும். பாலிமருக்கு ஒரு மேசை போதும். இந்த ஊடகத்தில் நல்ல கலைஞர்கள் செய்த எல்லாமே இந்த ஒரு குணத்திலிருந்து பிறந்தவை என்பது என் கருத்து.

கேன் என்று அவர்கள் சொல்லும் முறையை எடுத்துக்கொள்வோம். மூலம் வெனிஸ் பக்கத்து முரானோத் தீவின் கண்ணாடிக்காரர்களுடையது. வெவ்வேறு நிறத் தண்டுகளையும் தகடுகளையும் சேர்த்துக் கட்டி ஒரு தடித்த உருளை செய்கிறார்கள். அதன் குறுக்குவெட்டில் ஒரு பூவோ இலையோ முகமோ தெரியும்படி அடுக்க வேண்டும். ஒரு கையளவு தடிமனான அந்த உருளையை நடுவில் இடுப்புப் பிடிப்பதுபோல அழுத்தி, எல்லாப் பக்கமும் சமமாக அமுக்கி, இழுத்து, உருட்டி நீளமாக்கிக்கொண்டே போகிறார்கள். தடிமன் குறையக் குறைய உள்ளே இருக்கும் படமும் சேர்ந்து சுருங்குகிறது. கடைசியில் பென்சில் பருமனுக்கோ அதைவிட மெல்லியதாகவோ வந்துவிடும். மெல்லிய பிளேடால் சீவினால், ஒவ்வொரு சீவலிலும் அதே படம். முனைகள் மட்டும் எப்போதும் கோணிப்போயிருக்கும். அவற்றை வெட்டித் தள்ள வேண்டும். வேகமாக இழுத்தால் வெளிப்புறம் முன்னே ஓடிவிடும், நடுப்பகுதி பின்தங்கும், படம் குழம்பும். நிறங்களின் இறுக்கம் ஒன்றுக்கொன்று மாறுபட்டிருந்தாலும் அப்படித்தான். வேலை தெரிந்தவர்கள் முதலில் கவனிப்பது கட்டிகளின் பதம் ஒன்றாக இருக்கிறதா என்பதைத்தான்.

1980களின் இறுதியில் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஸ்டீவன் ஃபோர்டும் டேவிட் ஃபோர்லானோவும் ‘சிட்டி ஜென் கேன்’ என்ற பெயரில் இந்த முறையை எங்கோ கொண்டுபோனார்கள். ஓவியம் படித்தவர்களின் கண் அவர்களுக்கு. கோத்து அணியும் பாசிமணி ஒன்றுக்குள் நிறம் மங்கி இன்னொன்றாகும் விதத்தைப் பார்த்தால், தூரிகை இல்லாமல் தீட்டிய ஓவியம் என்று தோன்றும். பின்னாளில் அவர்கள் வெள்ளியையும் சேர்த்து, நகைக்கும் சிற்பத்துக்கும் நடுவே நிற்கும் படைப்புகளுக்கு நகர்ந்தார்கள்.

நிறம் மங்கி மாறும் விஷயத்தில் ஜூடித் ஸ்கின்னரின் பெயரைச் சொல்லாமல் போக முடியாது. 1990களில் அவர் கண்டுபிடித்த முறை அவர் பெயரிலேயே ‘ஸ்கின்னர் பிளெண்ட்’ என்று வழங்குகிறது. இரண்டு நிறங்களை முக்கோணங்களாக வெட்டி ஒன்றோடொன்று சேர்த்து ஒரு செவ்வகமாக்குங்கள். மடித்து, பாஸ்தா தேய்க்கும் மெஷினுக்குள் விடுங்கள். மறுபடி அதே திசையில் மடித்து, மறுபடி விடுங்கள். முதலில் கோடு கோடாக இருக்கும். இருபது தடவைக்கு மேல் போனதும் கோடுகள் கரைந்து, ஒரு ஓரத்தில் தூய மஞ்சள், மறு ஓரத்தில் தூய சிவப்பு, நடுவில் இரண்டுக்கும் இடைப்பட்ட எல்லா நிறமும் வரிசையாக நிற்கும் தகடு கிடைக்கும். இரண்டு முக்கோணங்களும் ஒரு மடிப்பு விதியும்தான் மொத்த ரகசியமும். அதற்குப் பிறகு வந்த பாலிமர் வேலைகளில் இந்த முறையின் தடத்தைக் காணாமலிருப்பது அரிது.

எனக்கு மிகவும் பிடித்தவர் சிந்தியா டூப்ஸ். பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டு ரோமில் நுண்மொசைக் என்றொரு கலை செழித்தது. கண்ணாடியை இழையாக இழுத்து, பொடிப்பொடியாக நறுக்கி, நகையளவு இடத்தில் படம் அடுக்குவார்கள். டூப்ஸ் அதைப் பாலிமரில் செய்கிறார். கட்டியை நூல்போல உருட்டிச் சுட்டுக்கொள்கிறார்; அந்த நூல்களைச் சிறு துணுக்குகளாக வெட்டி, சுடாத மென்மையான தளத்தில் ஒவ்வொன்றாகப் பதிக்கிறார். எட்ட நின்று பார்த்தால் ஒரு பறவையின் சிறகோ ஒரு முகமோ. கிட்டே போனால் ஒவ்வொரு துணுக்கும் தனி நிறம், தனிச் சாய்வு. சிறகின் வளைவுக்கு ஏற்றபடி துணுக்குகளும் திரும்பி நிற்பதை உருப்பெருக்கியில் பார்த்தால்தான் அந்தப் பொறுமை புரியும். ஓவியப் பூச்சால் இந்த விளைவைக் கொண்டுவர முடியாது, ஏனென்றால் ஒளி ஒவ்வொரு துணுக்கின் விளிம்பிலும் தனித்தனியாக உடைகிறது.

ஜெஃப்ரி லாய்ட் டெவர் கம்பிச் சட்டகத்தின்மேல் பாலிமரைக் கட்டி, பல கட்டமாகச் சுட்டு, விதையும் முளையும் கொடியும்போன்ற உள்ளீடற்ற வடிவங்களை எழுப்புகிறார். கேத்லீன் டஸ்டின் ஒளிகசியும் பாலிமரை அடுக்கடுக்காக வைத்து, ஆழத்தில் எதுவோ தெரிவதுபோன்ற சிறு கைப்பைகளைச் செய்தார். எலீஸ் வின்டர்ஸ் அக்ரிலிக் பூச்சை நுண்ணிய வெடிப்புகளாக விரியவிட்டு, பட்டுத்துணிபோல மினுங்கும் மேற்பரப்பைக் கொண்டுவந்தார்.

ஏன் இவ்வளவு தாமதம்

1962இல் ஹார்வி லிட்டில்டன் டொலீடோ கலை அருங்காட்சியகத்தில் ஒரு சிறு கண்ணாடி உலையை வைத்துப் பட்டறை நடத்தினார். தனிக் கலைஞர் தன் கூடத்திலேயே கண்ணாடி ஊதலாம் என்று காட்டிய நிகழ்வு அது. அதைத் தொடர்ந்து பல்கலைக்கழகங்களில் கண்ணாடிக்குத் துறைகள் வந்தன. துறையிலிருந்து பட்டதாரிகள், பட்டதாரிகளிலிருந்து ஆசிரியர்கள், விமர்சகர்கள், காப்பாட்சியர்கள். கண்ணாடிக்கு அருங்காட்சியகக் கதவு திறந்ததில் இந்த ஏணிக்குப் பெரிய பங்கு உண்டு.

பாலிமருக்கு அப்படி ஒரு ஏணி அமையவில்லை. கலைஞர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். 1991இல் நேன் ரோச் எழுதிய கையேடு பலருக்கு முதல் ஆசிரியராக இருந்தது. சங்கங்கள் உருவாயின, பயிற்சி வகுப்புகள் நடந்தன. அறிவு தாராளமாகப் பரவியது. ஆனால் பட்டம், ஆய்வேடு, விமர்சனக் கட்டுரை என்று நிறுவனங்கள் மதிக்கும் காகிதங்கள் சேரவில்லை.

பியர் வோல்கஸின் கதையில் இது கண்கூடாகத் தெரிகிறது. அவருடைய தந்தை பீட்டர் வோல்கஸ். 1954 முதல் லாஸ் ஏஞ்சலிஸில் கற்பித்துக்கொண்டே, சுட்டமண்ணைப் பானையிலிருந்து விடுவித்து நவீனச் சிற்பமாக நிறுத்தியவர். அவருக்குப் பின்னால் ஒரு கல்லூரித் துறையே இருந்தது. மகள் நடனக் கலைஞர். பாலிமரைக் கையில் எடுத்து நியூயார்க்கில் மணிகளும் கழுத்தணிகளும் செய்தார். துணிச்சலான நிறம், எளிய வடிவம். பின்னால் வந்த ஒரு தலைமுறையே அவரிடமிருந்து கற்றுக்கொண்டது. தந்தையின் மண்ணை அருங்காட்சியகங்கள் வரவேற்ற வேகத்தில் மகளின் பாலிமரை வரவேற்கவில்லை.

பெண்களின் வேலை, நகை வேலை, அடுப்படி ஓவனில் சுடும் வேலை என்ற மூன்று அலட்சியங்களும் இதில் கலந்திருந்தன என்றே நான் நினைக்கிறேன். எவரும் வெளிப்படையாக இப்படிச் சொல்லியிருக்க வேண்டியதில்லை. எந்த வகைப் பெட்டியிலும் அடங்காத பொருளை வாங்கப் பணம் ஒதுக்க மாட்டார்கள், அவ்வளவுதான். வின்டர்ஸின் முயற்சி வென்றதற்குக் காரணம் அவர் இதைச் சரியாகப் புரிந்துகொண்டதுதான். தனித்தனிக் கலைஞர்கள் ஆளுக்கொரு கதவைத் தட்டுவதை விட்டுவிட்டு, ஒரு ஊடகத்தின் வரலாறே முழுதாகத் தெரியும்படி படைப்புகளைத் தொகுத்து ஒரே இடத்தில் சேர்த்தார். காப்பாட்சியருக்கு அப்போதுதான் எழுதுவதற்கு ஒரு கதை கிடைக்கிறது.

வியர்க்கும் பிளாஸ்டிக்

சரி, உள்ளே வந்தாயிற்று. இனிமேல்தான் பிளாஸ்டிசைசர் தன் கணக்கைக் கேட்கிறது.

சுடும்போது பிளாஸ்டிசைசர் வேறு எதுவாகவும் மாறுவதில்லை என்று முன்பு பார்த்தோம். பிவிசிச் சங்கிலிகளோடு அதற்கு உறுதியான வேதிப்பிணைப்பு இல்லை. சங்கிலிகளுக்கு நடுவே தங்கியிருக்கும் விருந்தாளி அது. எழுந்துபோகத் தடை எதுவும் கிடையாது. ஆண்டுகள் போகப்போக மெல்ல மேற்பரப்புக்கு வருகிறது. வந்தால் மூன்றில் ஒன்று நடக்கும்: ஆவியாகும், பக்கத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் பொருளுக்குள் போகும், அல்லது மேலேயே பிசுபிசுப்பாகப் படியும். பிசுபிசுப்பில் தூசி ஒட்டும். உள்ளே பிளாஸ்டிசைசர் குறைந்த பகுதி சுருங்கும், விறைக்கும், மெல்லிய இடங்களில் உடையும்.

வேறு பிவிசிப் பொருட்களில் இது நன்றாகவே பதிவாகியிருக்கிறது. பழைய வினைல் பொம்மைகளின் கைகால்கள் ஒட்டும் பதத்துக்கு வந்ததைச் சேகரிப்பாளர்கள் அறிவார்கள். நிலவுக்குப் போன அப்பல்லோ விண்வெளி உடைகளின் உள்ளே இருந்த பிவிசிக் குழாய்கள் பிளாஸ்டிசைசரை வெளியிட்டுத் துணியில் பழுப்புக் கறை ஏற்படுத்தியதை ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் பாதுகாப்பு வல்லுநர்கள் கண்டார்கள்.

இரண்டாவது பிரச்சினை குளோரின். வெப்பமும் ஒளியும் பட்டால் பிவிசிச் சங்கிலியிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு பிரிகிறது. அது பிரிந்த இடத்தில் இரட்டைப் பிணைப்புகள் வரிசையாக உண்டாகி, பொருள் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். வெளியான அமிலம் பக்கத்திலிருக்கும் உலோகத்தையும் அரிக்கும். ஓவனில் சூட்டை மிகவும் கூட்டினால் சில நிமிடத்தில் கருகி மூக்கைத் துளைக்கும் வாடை வருகிறதே, அதே வினைதான் சேமிப்பறையில் பல பத்தாண்டுகளில் மிக மெதுவாக நடக்கிறது. வெள்ளை நிறத்திலும் ஒளிகசியும் வகையிலும் இது முதலில் கண்ணில் படும். வெள்ளி சேர்த்த நகை, கம்பிச் சட்டகச் சிற்பம் ஆகியவற்றில் பாலிமரைப் பார்ப்பதோடு உலோகத்தையும் பார்க்க வேண்டும்.

பிளாஸ்டிக் கலைப்பொருட்கள் விஷயத்தில் அருங்காட்சியகங்கள் சூடுபட்டிருக்கின்றன. நௌம் காபோ 1920களிலும் 30களிலும் செல்லுலோஸ் பிளாஸ்டிக்குகளில் செய்த சிற்பங்களில் சில வளைந்து, விரிசல்விட்டு, உருக்குலைந்தன. அந்த அனுபவத்திலிருந்து வந்த பாடம், இப்படிப்பட்ட பொருட்களுக்குக் காற்றோட்டம் வேண்டும், வெளியேறும் அமில ஆவியை உறிஞ்சும் பொருள் பக்கத்தில் வேண்டும் என்பது. செல்லுலோஸுக்கு அது சரி. பிளாஸ்டிசைசர் கலந்த பிவிசிக்கு அது நேர்மாறாக வேலை செய்யும். டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தில் பணியாற்றிய இவோன் ஷஷுவாவின் ஆய்வுகள் காட்டியது இதைத்தான்: காற்றோட்டமும் உறிஞ்சும் பொருளும் பிளாஸ்டிசைசரை இன்னும் வேகமாக வெளியே இழுக்கின்றன, கண்ணாடி, பாலியெஸ்டர் படலம்போன்ற உறிஞ்சாத பொருளால் மூடிவைத்தால் வெளியேற்றம் மெதுவாகிறது. எல்லாப் பிளாஸ்டிக்கையும் ஒரே அலமாரியில், ஆவியை உறிஞ்சும் கரித்தூளோடு வைத்தால் ஒன்றைக் காப்பாற்றப்போய் மற்றொன்றை இழப்போம்.

தொடு பொருள் பற்றி ஒரு வார்த்தை. பாலிமர் களிமண்ணைப் பாலிஸ்டைரீன் பெட்டியிலோ நுரைத் தட்டிலோ வைத்தால் பிளாஸ்டிசைசர் அந்தப் பெட்டியை இளக்கி, இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இது கலைஞர்கள் தொடக்கத்திலேயே கற்றுக்கொள்ளும் விஷயம். காகிதமும் பிளாஸ்டிசைசரை உறிஞ்சும். கட்டி மிகவும் இளகியிருந்தால் காகிதத்துக்கு நடுவே வைத்து இறுக்குவது அவர்களுடைய வழக்கம். பட்டறையில் உதவும் இந்த உறிஞ்சல், சேமிப்பறையில் பல ஆண்டுகள் நீடித்தால் நஷ்டம். சுத்தம் செய்யும்போதும் கவனம் வேண்டும். அசிட்டோன் மேற்பரப்பைக் கரைத்து இளக்கிவிடும். மெல்லிய தூரிகையும், தேவைப்பட்டால் லேசாக ஈரம்பட்ட துணியுமே பாதுகாப்பு. நிறமிகளில் எல்லாம் ஒளியைத் தாங்குவதில்லை, குறிப்பாகப் பளிச்சென்ற ஃப்ளோரசென்ட் வகைகள். எனவே துணி, காகிதப் படைப்புகளுக்கு வைப்பதுபோல 50 லக்ஸ் அளவு மங்கிய வெளிச்சம் இதற்கும் நல்லது.

ஒரே பெயர், இரண்டு கலவை

இதில் சிக்கலைக் கூட்டும் இன்னொரு விஷயம் சட்டத்திலிருந்து வந்தது. தொடக்கக் காலக் கட்டிகளில் பிளாஸ்டிசைசராக இருந்தவை பெரும்பாலும் தாலேட்டுகள் என்ற வகை வேதிப்பொருட்கள். 2002இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலப் பொதுநல அமைப்பு ஒன்று பாலிமர் களிமண்ணில் தாலேட்டுகள் இருப்பதைப் பற்றி எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் குழந்தைப் பொம்மைகளில் குறிப்பிட்ட தாலேட்டுகளுக்குத் தடை கொண்டுவந்தது. அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தைகள் பொருட்களில் அவற்றின் அளவை 0.1 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்தியது. தயாரிப்பாளர்கள் கலவையை மாற்றினார்கள். குழந்தைகள் கையாளும் பொருள் என்பதால் இது செய்ய வேண்டிய மாற்றமே.

ஆனால் சேமிப்பறைக்கு இதனால் ஒரு புதிர் வந்துசேர்ந்தது. ஒரே பிராண்ட், ஒரே நிறத்தின் பெயர், 1990இல் செய்த மணிக்குள் ஒரு வேதியியல், 2012இல் செய்த மணிக்குள் இன்னொன்று. இரண்டும் ஒரே வேகத்தில் மூப்படைய வேண்டிய கட்டாயம் இல்லை. பழைய சிறு இருப்பையும் புதிய கட்டியையும் கலந்து செய்த படைப்பு என்றால் ஒரே கழுத்தணிக்குள்ளேயே இரண்டும் இருக்கும். அகச்சிவப்பு நிறமாலைக் கருவியால் படைப்பைச் சேதப்படுத்தாமல் தாலேட்டு இருக்கிறதா என்று கண்டறியலாம். சேகரிப்பில் சேர்க்கும்போதே இதைச் செய்து பதிவில் எழுதிவிடுவது நல்லது.

சுட்ட விதமும் முக்கியம். வீட்டு ஓவன்களில் காட்டும் வெப்பநிலையும் உள்ளே இருக்கும் வெப்பநிலையும் பல சமயம் ஒத்துப்போகாது. சூடு குறைந்தால் துகள்கள் முழுதாக இணைவதில்லை. வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே பொடியும் தன்மை, பிளாஸ்டிசைசர் கசிவும் கூடுதல். எந்தப் பிராண்ட், எந்த வெப்பநிலை, எவ்வளவு நேரம், எத்தனை தடவை சுட்டது, உள்ளே என்ன சட்டகம், எந்தப் பசை, மேலே என்ன மெருகு என்ற விவரங்கள் கலைஞரின் குறிப்பேட்டில் மட்டுமே இருக்கும். சில பூச்சுகள், குறிப்பாக ஸ்ப்ரே டப்பாவில் வருபவை, பிளாஸ்டிசைசரோடு சேர்ந்து கடைசிவரை ஒட்டிக்கொண்டே இருக்கும். பசையும் வயதானால் நொறுங்கலாம். வாங்கும் ரசீதோடு இந்தக் குறிப்பையும் வாங்க வேண்டும் என்பேன்.

எல்லாவற்றையும்விடச் சங்கடமான கேள்வி, உடைந்தால் என்ன செய்வது என்பது. பாலிமரை எத்தனை தடவை வேண்டுமானாலும் மறுபடி சுடலாம். விரிசலில் புதுக் கட்டியை வைத்து நிரப்பி, மறுபடி ஓவனில் வைத்து, தேய்த்து மெருகேற்றினால் உடைந்த இடம் தெரியாது. பட்டறையில் கலைஞர் தயங்காமல் இதைச் செய்வார். பல கட்டமாகச் சுட்டு எழுப்புவது டெவர் போன்றவர்களின் முறையே. அருங்காட்சியகப் பாதுகாப்பு வல்லுநரின் விதி வேறு: செய்யும் எந்தப் பழுதுபார்ப்பும் திரும்ப நீக்கக்கூடியதாக இருக்க வேண்டும். மறுபடி சுட்டால் புதியதும் பழையதும் ஒன்றாகிவிடும், பிரிக்க முடியாது. பழைய பாலிமரும் இன்னொரு தடவை சூட்டைத் தாங்க வேண்டியிருக்கும், முதிர்ந்த பிவிசிக்கு அது நல்லதும் அல்ல. நீக்கக்கூடிய பசையை நாடினால், அதன் கரைப்பான் பிவிசியை இளக்கிவிடுமோ என்ற பயம்.

இதற்கு வேதியியல் மட்டும் பதில் தராது. நிறம் மங்கினால் மங்கட்டும் என்று ஒரு கலைஞர் நினைக்கலாம். ஒரு மணி உடைந்தால் அதே கேனிலிருந்து எடுத்துவைத்த மீதியில் மாற்று மணி செய்துகொடுக்க இன்னொருவர் விரும்பலாம். உடைந்ததை அப்படியே காட்டுங்கள் என்று மூன்றாமவர் சொல்லலாம். சமகாலக் கலையைச் சேகரிக்கும் பல அருங்காட்சியகங்கள் கலைஞர்களை நேர்காணல் செய்து இப்படிப்பட்ட விருப்பங்களைப் பதிவுசெய்கின்றன. பாலிமருக்கு இது இன்னும் அவசியம், ஏனென்றால் இந்த ஊடகத்தின் முதல் தலைமுறைக் கலைஞர்களில் பலர் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். எந்த மணி எந்தக் கட்டியிலிருந்து வந்தது, எந்த ஓவனில் சுட்டது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களிடம் கேட்டு எழுதிவைக்கும் வேலையை அருங்காட்சியகங்கள் இப்போதே முடித்துவிட வேண்டும்.